உதவி செய்யப் போய்த் திட்டு வாங்கினேன், என்ன தப்பு?

மழைக்குருவி:
போன வாரம் ஏடிஎம் வாசலில் சக்கர நாற்காலியில் ஒருவர். எதிரே 2 படி. நானும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கி உள்ளே விட்டோம். "கேட்டுட்டுத் தொட மாட்டீங்களா?" என்று கத்திவிட்டார். இதற்கு 'ஏபிளிசம்' (உடல் குறைபாடு உள்ளவர்களைக் குறைவாக நடத்துவது) என்று பெயராம், சாதி மாதிரி இதுவும் ஒடுக்குமுறையாம், கூட வேலை பார்க்கும் பெண் சொல்கிறார். கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

நாலுசக்கரம்:
நானும் சக்கர நாற்காலிதான், 11 வருடமாக. கால் வைக்கும் பலகையைப் பிடித்துத் தூக்கினால் சில நாற்காலிகளில் அது கழன்று கையோடு வரும், ஆள் முன்னால் விழுவார். எனக்கு ஒரு பல் அப்படித்தான் போனது. சரி, அதை விடுங்கள். அவர் கோபத்தில் பாதி அந்தப் படி மேல். 1 அடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும்; எங்கள் தெரு வங்கியில் 3 அடியில் சறுக்குமரம் கட்டி வைத்திருக்கிறார்கள், அதன் மேலும் ஒரு பைக் நிற்கும். சொந்தப் பணத்தை எடுக்க யாராவது இரண்டு பேர் மனது வைக்க வேண்டுமா?

திண்ணைவாசி:
சாதி மனிதன் உண்டாக்கியது. கால் நடக்காதது இயற்கை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பொட்டல்காடு:
கால் இயற்கை, படி யார் கட்டியது? இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை, பின்னிக்கிடக்கிறது என்கிறோம். 1977இல் சான்பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமை கேட்டு அரசு அலுவலகத்துக்குள் புகுந்து ஏறக்குறைய ஒரு மாதம் உட்கார்ந்தார்கள். தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தது கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சி. ஆனாலும் இயக்கத்தில் வெள்ளையர் குரலே மேலோங்கியிருந்தது என்றுதான், 2005 வாக்கில் கறுப்பின, ஆசிய வம்சாவளி மாற்றுத்திறனாளிகள் 'டிசபிலிட்டி ஜஸ்டிஸ்' (இனம், வர்க்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மாற்றுத்திறனாளிகள் நீதி) என்று தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். இங்கே பாருங்கள், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். அதற்காகப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடக்கிற கூலிக்கார அம்மாவுக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கே கிடையாது.

மழைக்குருவி:
இன்று டேப் எடுத்துப்போய் அளந்தேன். 2 படியும் சேர்த்து 14 அங்குலம். அப்படியென்றால் 14 அடி வேண்டும், ஆனால் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் 5 அடிதான் இருக்கிறது.

நாலுசக்கரம்:
நேராக ஏன் இறக்குகிறீர்கள், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம். மேலே நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி சமதளம் விடச் சொல்லுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வங்கிக்கு மனு கொடுத்தால் அதில் என் பெயரையும் சேருங்கள்.