"சரி சேர்" என்பது நாட்டுப் பழக்கமா, தோட்டத்துப் பழக்கமா?

கந்தப்பளையான்:
நுவரெலியாப் பக்கம் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறேன். புதிதாக வந்த ஐரோப்பிய மனேஜர் தினமும் காலைக் கூட்டத்தில் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார். "ஒன்றுமில்லை சேர்" என்போம். மேல்மாடி கீசர் பழுதென்று மூன்று பேருக்குத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் விடியற்காலை, பச்சைத் தண்ணீரில் குளித்த கெஸ்ட் நடுங்கிக்கொண்டே ரிசெப்ஷனில் நின்றார். நெதர்லாந்து ஆய்வாளர் ஹொஃப்ஸ்டீட் சொன்ன 'அதிகார இடைவெளி', அதாவது மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் இருக்கும் தூரத்தை இயல்பென்று ஏற்றுக்கொள்வது, இதுதான். மேலே உள்ளவரிடம் கெட்ட செய்தி சொல்வது நம் நாட்டில் மரியாதை இல்லை. இது புரியாத மனேஜரால் இங்கே ஹோட்டல் நடத்த முடியாது.

ஹட்டன் அக்கா:
தம்பி, நாட்டு மேல பழி போடாதீங்க. ஹொஃப்ஸ்டீட் பல நாடுகளில் கேட்டார், சரி. ஆனா 1967 முதல் 1973 வரை கேட்டது ஐ.பி.எம். என்ற ஒரே கொம்பனி ஆட்களிடம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளையின் மனசு அதில் எங்க இருக்கு? நம்ம வாயைக் கட்டினது பிரட்டுக்களம், காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சின்னத்தொரை என்று படிப்படியா ஏறித்தான் தோட்டத்து மனேஜரான பெரியதொரைகிட்ட பேச்சு போகும். தாண்டிப் பேசினா அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான். எங்க அப்பா தொரை பங்களாவில் அப்பு, சமையலும் பரிமாறலும் பார்க்கிற வேலைக்காரர். கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவார், வீட்டுலயும் அப்படித்தான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகதான் இன்னைக்கு ஹோட்டல் யூனிஃபோம் போடுறாங்க.

கந்தப்பளையான்:
அப்படியென்றால் காலியிலிருந்து வந்த சிங்களப் பொடியன்களும் ஏன் "ஹரி சேர்" என்று நிற்கிறார்கள் அக்கா? அவர்கள் பிரட்டுக்களத்தையே கண்டதில்லையே.

டுபாய் ரிட்டர்ன்:
டுபாயில் என்னோடு வேலை செய்த நேபாளிகளும் பிலிப்பீன்காரர்களும் இதே மாதிரிதான். அங்கே விசா முதலாளி கையில். இங்கே கெஸ்ட் பில்லில் சேர்க்கும் 10% சேர்விஸ் சார்ஜில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மேலே உள்ளவர் கையில். பயத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஹட்டன் அக்கா:
அந்த மூணு பேரையும் தனியா கூப்பிட்டுக் கேட்டீங்களா தம்பி? கூட்டத்தில் இல்ல, பேன்ட்ரியில் டீ குடிக்கிற நேரம்?

கந்தப்பளையான்:
நேற்றுக் கேட்டேன். நாட்டுப் பழக்கமும் கலந்திருக்கிறது என்பதை இப்போதும் விடமாட்டேன். ஆனால் ஒருவர் சொன்னது: "ஏப்ரல் சீசனில் பைப் கசியுதுன்னு சொன்னவனோட ஞாயிறு லீவை வெட்டி, திருத்தி முடியும்வரை வாளியோட நிக்க வச்சாங்க அண்ணே."