30 சென்டிமீட்டரில் ஓர் ஆற்காடு

குழு: ஆற்காடு – வேலூர் உறவுகள்

சனி

முரளி, காலை 7.40
[படம்]
நேற்று இரவு மூன்று மணி நேரம் உட்கார்ந்து வெட்டிய கோட்டை மதில். இன்று காலை சாம்பல் நிற ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிட்டது. மனம் கனக்கிறது.

நித்யா, காலை 7.52
அடடா! இது எதற்கு முரளி, கொலுவுக்கா?

முரளி, காலை 7.58
இல்லை அக்கா, மேசைமேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கு. நானும் தினேஷும் 1751 ஆற்காடு முற்றுகையைச் செய்துகொண்டிருக்கிறோம்: கோட்டைக்குள் ராபர்ட் கிளைவின் ஆங்கிலேயப் படை, வெளியே சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப்பின் படை. ஒவ்வொரு துண்டும் 30 செ.மீ. சதுரம். இப்படி 24 துண்டுகள். நீளத்தில் ஆறு, அகலத்தில் நான்கு என்று அடுக்கினால் 180-க்கு 120 செ.மீ. நகரம் வரும். துண்டுகளைத் திருப்பி வைத்தால் வேறு தெருக்கள், வேறு சந்துகள். விளையாட்டு அடுத்த ஞாயிறு, சத்துவாச்சாரி வீட்டில்.

கஸ்தூரி அத்தை, காலை 8.10
கண்ணா, கொலுவுக்கு மலை செய்தபோது எனக்கும் இப்படித்தான் ஆனது. அந்த ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் இரண்டு முறை பூசு. இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவு, கல்சுவர் போலச் சொரசொரப்பு வரும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும் போடு. புல்லுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து வைத்திருக்கிறேன், ஒரு டப்பா நிறைய. வந்து எடுத்துக்கொள்.

சித்தப்பா, காலை 8.31
முரளி, உருகிய மதிலை எறிந்துவிடாதே. ரசா சாகிப்பின் பீரங்கிகள் வடமேற்கிலும் தென்மேற்கிலும் மதிலை உடைத்தன. நவம்பர் 14 அன்று கடைசித் தாக்குதல் அந்த இரண்டு உடைப்புகள் வழியாகத்தான் வந்தது. வாயிற்கதவுகளை இடிக்க, நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளையும் ஓட்டி வந்தார்கள். குண்டு பட்டதும் யானைகள் மிரண்டு திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. உன் கையில் இருப்பது ஓர் உடைப்பு. அடியில் செங்கல் தூளைக் கொட்டி ஒட்டு.

முரளி, காலை 8.34
சித்தப்பா! இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே செய்கிறேன்.

முழுக் கோட்டையையும் செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டேன். சுற்றளவு ஒரு மைலுக்கு மேல். நம் பொம்மை வீரர்கள் 28 மி.மீ. உயரம். 56-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் மதில் மட்டும் 28 மீட்டரைத் தாண்டுகிறது. அதனால் மதிலில் ஒரு பகுதி, ஒரு வாயில், மீதி எல்லாம் தெருக்கள்.

சித்தப்பா, காலை 8.50
அதுவே சரி. அந்தச் சண்டையின் உயிர் தெருவில்தான் இருந்தது. ரசா சாகிப்பின் ஆட்கள் கோட்டையை ஒட்டிய வீடுகளில் ஏறித்தான் மதில்மேல் நின்றவர்களைச் சுட்டார்கள்.

செப்டம்பரில் கிளைவ் வெளியே வந்து தெருவில் மோதியபோது நடந்ததைச் சொல்கிறேன். எதிரிப் படைச் சிப்பாய் ஒருவன் ஜன்னலில் இருந்து கிளைவைக் குறிவைத்தான். லெப்டினன்ட் டிரென்வித் அதைப் பார்த்துக் கிளைவை ஒரு பக்கம் இழுத்தார். சிப்பாய் குறியை மாற்றினான், குண்டு டிரென்வித்தின் உடலில் பாய்ந்தது. ஒரு ஜன்னல், ஒரு கணம். நீ நேற்று அனுப்பிய வீடுகளில் ஜன்னல்கள் கறுப்பு மையில் வரைந்த கட்டங்களாக இருக்கின்றன. அவற்றிலிருந்து யார் சுடுவது?

முரளி, காலை 9.05
எல்லாவற்றையும் வெட்டித் திறக்கிறேன். கூரையையும் ஒட்டாமல், எடுத்து வைக்கும்படி மாற்றுகிறேன். அப்போதுதான் வீரர்களை உள்ளே நிறுத்த முடியும். மதிலுக்குப் பக்கத்தில் மெத்தை வீடுகள், மற்ற இடங்களில் ஓட்டு வீடுகள். திண்ணை எல்லா வீட்டுக்கும் உண்டு.

நித்யா, காலை 9.20
யாழினி தானும் செய்வேன் என்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏதாவது வேலை உண்டா?

முரளி, காலை 9.33
ஓடு செய்யட்டும் அக்கா, அதுதான் இருப்பதிலேயே அழகான வேலை. கடையில் பொருள் வரும் அட்டைப்பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரத் துணியால் ஒற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மூலையை நகத்தால் கிளப்பினால் மேல்தாள் மெதுவாக உரிந்து வரும். உள்ளே வரி வரியாக மேடும் பள்ளமும் இருக்கும், நாட்டு ஓடு வேய்ந்தது போலவே. அவசரப்பட்டால் வரி கிழியும். காய்ந்ததும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்ட வேண்டும். கத்தியை மட்டும் நீங்கள் பிடியுங்கள்.

கஸ்தூரி அத்தை, காலை 9.41
ஓட்டுக்குக் கோலத்துக்கு இடும் செங்காவியையே பூசு. ஃபெவிகால் தண்ணீரில் குழைத்தால் உதிராது.

புதன்

தினேஷ், இரவு 9.15
[படம்]
அண்ணா, என் பங்குக்கு ஏழு துண்டுகள் முடிந்தன. ஆனால் நீங்கள் கொடுத்த துண்டின் பக்கத்தில் வைத்தால் தெருவில் படி விழுகிறது. உங்கள் துண்டு என்னுடையதைவிட அரை சென்டிமீட்டர் உயரம். உங்கள் தெரு நடுவில் முடிகிறது, என்னுடையது ஒதுங்கி முடிகிறது.

முரளி, இரவு 9.28
என் தவறு தம்பி. அளவை வாயால் சொன்னேன், அட்டையாக வெட்டிக் கொடுத்திருக்க வேண்டும். உயரம் சுலபம்: உன் துண்டுகளின் அடியில் 5 மி.மீ. ஃபோம் ஷீட்டை ஒட்டிவிடு. தெருதான் முக்கியம். எந்தத் துண்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரு விளிம்பின் சரிபாதியில், 10 செ.மீ. அகலத்தில் வெளியேற வேண்டும். நம் வீரர்களின் பீடம் 2.5 செ.மீ., ஆகவே நான்கு பேர் தோளோடு தோள் நிற்கலாம். அளவு அட்டையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அதை விளிம்பில் வைத்து இரண்டு கோடு போட்டால் போதும், ஸ்கேலே வேண்டாம்.

அடிப்பலகையின் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளைந்துகொள்ளும்.

வெள்ளி

தினேஷ், இரவு 10.02
[படம்]
மூன்று துண்டுகளில் தெருவை மண் போட்டு மூடி, அட்டையை வைத்து மீண்டும் போட்டேன். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன் அண்ணா. எங்கும் அறுபடவில்லை.

முரளி, இரவு 10.04
அந்தக் கிணற்றடி மிக நன்றாக இருக்கிறது!

சித்தப்பா, இரவு 10.10
ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும் தினேஷும் பஸ் ஏறுகிறோம். மூன்று பெட்டிகள். கூரைகளைத் தனியாக, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். முரளி, நிறுத்தத்துக்கு வந்து நில்.

நித்யா, இரவு 10.15
யாழினியின் ஓட்டுக் கூரைகள் ஒன்பது. நான் கொண்டுவருகிறேன்.