பழைய சான் ஸ்டார்மில் ஆயில் மாற்ற முடியவில்லை, டிரெயின் பிளக் மழுங்கிவிட்டது, உதவி வேண்டும்

செங்கோட்டைக்காரன்:

வணக்கம். என்னிடம் 1999 மாடல் சான் ஸ்டார்ம் இருக்கிறது. இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், கோவாவில் சான் மோட்டார்ஸ் 1998-இல் கொண்டுவந்த இரண்டு சீட் வண்டி, மேலே துணிக் கூரை, பாடி ஃபைபர், உள்ளே பிரெஞ்சு கம்பெனி ரெனோவின் (ரெனால்ட்) 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். போன வருஷம் புனலூரில் ஒருவரிடம் வாங்கி ஆரியங்காவு வழியாக நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து இந்த வண்டி எனக்கு வீட்டு ஆள் மாதிரி.

வாங்கியதிலிருந்து 3000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதற்கு முன் எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதற்கு ரசீது எதுவும் இல்லை. பக்கத்தில் கேட்ட பட்டறைகளில் பாகம் கிடைக்காது என்று வண்டியைத் தொடவே தயங்குகிறார்கள், அதனால் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இன்று காலை இறங்கினேன். ஃபில்டர் கைக்கு எட்டுகிறது, அதில் கஷ்டம் இல்லை. பழைய ஆயிலை வடிக்க எஞ்சின் அடியில் இருக்கும் திருகு, அதாவது டிரெயின் பிளக்தான் பிரச்சினை. தலையில் ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை கிடையாது, நடுவில் ஒரு குழி, அதுவும் நாலு மூலைச் சதுரம். முன்பு எந்தப் பட்டறையிலோ ஆறு பட்டை ஆலன் கீயை அடித்து இறக்கித் திருகியிருக்கிறார்கள் போல, மூலைகள் மழுங்கியிருக்கின்றன. என்னிடம் உள்ள ஆலன் கீகளில் 7 மில்லி போட்டால் சுற்றுகிறது, 8 உள்ளே இறங்கவே இல்லை. பிளக்கைச் சுற்றிச் சிவப்பு நிறத்தில் கேஸ்கெட் பசை வேறு.

இன்னொரு பயம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலில் கூலன்ட் தண்ணீர் கலக்கிறதா? இப்போது சாரல் காலம், வண்டி தினமும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது.

தென்காசி டீசல்:

பிளக்கை விடுங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய் வழியாகச் சின்ன ஹோஸை இறக்கி பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், அரை மணி நேர வேலை. 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது. பிளக் கட்டாயம் கழற்றியே ஆக வேண்டும் என்றால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருப்பினால் வந்துவிடும், லாரியில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் பட்டறை:

வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. லாரி வேறு, இது வேறு. தலைக்கு மேலே ஃபைபர் பாடி, சேம்பருக்குள்ளே, அதாவது எஞ்சினின் அடித் தொட்டிக்குள்ளே ஆயில், அதன் ஆவி, பக்கத்தில் பெட்ரோல் லைன். ஒரு பொறி போதும். ஃபைபரில் தீ பிடித்தால் மண்ணை அள்ளிப் போடுவதற்குள் வண்டி போய்விடும். தென்காசி அண்ணாச்சி அனுபவத்தில் சொல்கிறார், மறுக்கவில்லை, ஆனால் இந்த வண்டிக்கு அது சரிவராது.

உங்கள் பிளக் கெட்டுப்போன வித்தியாசமான பிளக் ஒன்றும் இல்லை. ரெனோ எஞ்சின்களில் அப்படித்தான் வரும், 8 மில்லி சதுரக் குழி. 8 ஆலன் கீ ஏன் இறங்கவில்லை என்றால், ஆறு பட்டையின் மூலைக்கு மூலை அளவு 9.2 மில்லிக்கு மேல் வந்துவிடும், 8 சதுரத்துக்குள் அது அடங்காது. 7 ஆலன் கீ இறங்கும், ஆனால் மூலைகளைப் பிடிக்காமல் சுவரைத்தான் சுரண்டும். உங்களுக்கு முன்னால் செய்தவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ராட்செட் எக்ஸ்டென்ஷனை நேராக வைக்கலாம் என்று நினைத்தால் அதுவும் முடியாது, கால் இஞ்ச் என்பது 6.35 மில்லி, சும்மா ஆடும், முக்கால் பாகம் மழுங்கியதை முழுதாக மழுக்கிவிடும். மூன்றுக்கு எட்டு (3/8) இஞ்ச் 9.5 மில்லி, நுழையாது.

சேம்பரில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தகரமா அலுமினியமா என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு அடிக்கலாம் என்று சொல்ல முடியும்.

ராஜபாளையம் லோகன்:

நான் 2009 லோகன் வைத்திருக்கிறேன், 1.4 பெட்ரோல். அதிலும் இதே 8 சதுரம்தான். மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து 2007-இல் விட்ட வண்டி, பிறகு வெரிட்டோ என்று பெயர் மாறியது. டஸ்டர் டீசலிலும் இதே பிளக்தான். அதனால் சான் ஸ்டார்ம் மெக்கானிக்கைத் தேடாதீர்கள், ஊரில் லோகன், வெரிட்டோ, டஸ்டர் எதையாவது பார்க்கிற மெக்கானிக்கைத் தேடுங்கள், அவர் பெட்டியில் சதுரச் சாவி கட்டாயம் இருக்கும். திருநெல்வேலியில் டூல்ஸ் கடையில் ரெனோ டிரெயின் பிளக் சாவி என்று கேட்டாலே கொடுக்கிறார்கள். பிளக்கும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், 16 மில்லி மரை, 1.5 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 மில்லி. பழையதோடு மரையை ஒப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வாஷர் இரண்டாக வாங்குங்கள்.

புனலூர் தமிழன்:

அந்த வெள்ளை ஆடைக்குப் பயப்படாதீர்கள், ஆனால் பார்க்காமலும் விடாதீர்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் குறைந்த தூரம் ஓடுகிற எல்லா பெட்ரோல் வண்டியிலும் பார்க்கலாம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள், உள்ளே உண்டாகும் நீராவி வெளியேறாமல், இருப்பதிலேயே குளிர்ச்சியான இடத்தில், அதாவது அந்த மூடிக்கு அடியில் படிந்து ஆயிலோடு கலந்து வெளுக்கிறது. செங்கோட்டைச் சாரலில் தினமும் ஐந்து கிலோமீட்டர் என்றால் படியத்தான் செய்யும்.

கேஸ்கெட் போயிருந்தால் மூடியோடு நிற்காது. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், அதிலும் காபி மாதிரி கலங்கியிருக்கிறதா? கூலன்ட் அளவு வாரா வாரம் குறைகிறதா? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் பின்னால் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? மூன்றும் இல்லை என்றால் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் பிளக் கழற்றும்போதே பார்க்கலாம். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், பிளக்கை மெல்ல இளக்கி நாலு சொட்டு மட்டும் வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, சேம்பரில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். ஆயில் மட்டும் வந்தால் மறுபடி இறுக்கிவிட்டு, வண்டியைச் சூடாக்கி, பிறகு முழுதாக வடிக்கலாம்.

செங்கோட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி தூங்கவே முடியவில்லை, இதைப் படித்த பிறகுதான் மனசு நின்றது. காந்தம் நன்றாக ஒட்டுகிறது, சேம்பர் தகரம்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருக்கிறது, கலங்கல் இல்லை. கூலன்ட் இரண்டு மாதமாக அதே கோட்டில் நிற்கிறது. உறிஞ்சி எடுக்கிற யோசனையும் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வாங்கியதிலிருந்து முதல் ஆயில் மாற்றம் என்பதால் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை. நாளை திருநெல்வேலி போய்ச் சாவி வாங்கி வருகிறேன். மழுங்கிய குழியில் அது பிடிக்குமா?

மார்த்தாண்டம் பட்டறை:

பிடிக்க வைக்கலாம், அவசரப்படக் கூடாது. முதலில் குழிக்குள் இருக்கும் மண், பசை எல்லாவற்றையும் ஊசியும் பெட்ரோல் நனைத்த பனியன் வேஸ்டும் வைத்துச் சுத்தமாக எடுங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். பாதிக்குமேல் சாவிகள் வழுக்குவதே அடியில் அழுக்கு இருந்து முழு ஆழம் இறங்காததால்தான். சுற்றியிருக்கும் சிவப்புப் பசையைப் பிளேடால் வெட்டிவிடுங்கள். பிறகு சாவியை நேராக வைத்து சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு, தகரம் என்பதால் அளவாகத் தட்டினால் தாங்கும். தட்டினாலே மரையில் பிடித்திருப்பதும் கொஞ்சம் இளகும்.

அப்படியும் ஆடினால் பழைய மூன்றுக்கு எட்டு எக்ஸ்டென்ஷன் ஒன்றை லேத்தில் கொடுத்து நாலு பக்கமும் தேய்த்து, நுனி 8, மேலே போகப்போக 8.3 வருகிற மாதிரிச் செய்துகொள்ளுங்கள், ஆப்பு மாதிரி இறுகும். இரண்டும் தோற்றால் பிளக்கின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து இடஞ்சுழியாகத் தட்ட வேண்டும், பிளக் போனால் போகட்டும், புதுசு கையில் இருக்கிறதே. அந்த நிலைக்குப் போவதற்கு முன்தான் தென்காசி அண்ணாச்சி சொன்ன மாதிரி மேலே வழியாக ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது, திடீரென்று கழன்றாலும் முகத்தில் கொட்டாது. கீழே படுத்துக்கொண்டு பார்க்கும்போது திசை குழம்பும், பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி இடஞ்சுழி, அதை மட்டும் மனதில் வையுங்கள். நான் பார்த்த பாதி மழுங்கல் கழற்றுவதாக நினைத்து இறுக்கியதால் வந்தது.

ஜாக்கியை எங்கே வைக்கிறீர்கள்? இதைக் கேட்காமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. கதவுக்குக் கீழே தெரிகிற ஓரம் ஃபைபர், அங்கே வைத்தால் நொறுங்கிவிடும், வண்டியும் இறங்கும். உள்ளே இரும்புச் சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்து அதில் மட்டும் வையுங்கள். மழை ஈரத்தில் செம்மண் தரை அமுங்கும், வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூட அடியில் போகாதீர்கள்.

ராஜபாளையம் லோகன்:

ஆயில் விஷயத்தில் ஒன்று. 20டபிள்யூ-50 அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சரி. இந்த ரெனோ எஞ்சின் 1996-இல் வந்தது, அந்தத் தலைமுறை இல்லை. 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் போதும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே சீக்கிரம் ஏறும். முதலில் 3 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், பிறகு சமதரையில் வைத்து டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

ஃபில்டர் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதிய ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

தென்காசி டீசல்:

வெல்டிங் சொன்னது ஃபைபர் பாடி என்பதை யோசிக்காமல், மார்த்தாண்டம் தம்பி சொன்னது சரி. பழைய ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், பந்தல் கம்புக்கும் வேலிக் கம்புக்கும் அடித்தால் கரையான் வராது.

புனலூர் தமிழன்:

அண்ணாச்சி, கிணறு பக்கத்தில் இருக்கிற வீடு என்றால் அதையும் செய்ய வேண்டாம். மழையில் கம்பு நனைந்து நனைந்து ஆயில் மண்ணுக்குள் இறங்கும், செங்கோட்டையில் மழைக்குக் குறைவா என்ன. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயக் கழிவு. அதே கேனில் திருப்பி ஊற்றி, பழைய ஆயில் பேரல் வைத்திருக்கிற சர்வீஸ் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப்போகிறார்கள்.

செங்கோட்டைக்காரன்:

பிளக் வந்துவிட்டது!

நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். சாவி திருநெல்வேலியில் கிடைத்தது, பிளக்கும் வாஷரும் லோகனுடையதே வாங்கினேன். குழியைச் சுத்தம் செய்யவே முக்கால் மணி நேரம் ஆனது, அடியில் காய்ந்த பசை ஒரு கட்டியாகக் கிடந்தது, அதனால்தான் எந்தச் சாவியும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அதை எடுத்த பிறகு சாவி முன்பைவிட இரண்டு மடங்கு ஆழம் போனது. மூன்று தட்டு, பிறகு நீளக் குழாய் ஒன்றைச் சாவியின் பிடியில் மாட்டி மெதுவாக அழுத்தினேன், ஒரு நொடி வழுக்குவது போல இருந்தது, அப்புறம் டக் என்று விட்டது. அந்தச் சத்தத்தை மறக்க மாட்டேன்.

முதல் நாலு சொட்டு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தேன், தண்ணீர் இல்லை, ஆயில் மட்டும்தான். பிறகு புளியரை வரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து முழுதாக வடித்தேன். பழைய பிளக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர், அதற்கு மேல் பசை. புது பிளக்கின் மரை பழையதோடு சரியாகப் பொருந்தியது, கையாலேயே கடைசி வரை ஏறியது, சாவியால் லேசாக மட்டும் இறுக்கினேன். ஆயில் விளக்கு ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நொடியில் அணைந்தது.

ஒரே ஒரு சந்தேகம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பிளக்குக்குக் கீழே ஒரு சின்னச் சொட்டு தொங்குகிறது. இன்னும் இறுக்கவா?

மார்த்தாண்டம் பட்டறை:

இறுக்காதீர்கள். துடைத்துவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். வடித்தபோது சேம்பரின் விளிம்பில் தங்கியதாகத்தான் இருக்கும். காலையில் தாளில் கறை இருந்தால் கழற்றி, வாஷர் உட்காரும் இடத்தில் பழைய பசை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது வாஷர் அதற்குத்தான்.

செங்கோட்டைக்காரன்:

காலை ஆறு மணி. தாள் சுத்தமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தென்மலை வரை கூரையைத் திறந்துவிட்டு ஒரு நீள ஓட்டம் ஓட்டி, அந்த வெள்ளை ஆடை போகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

புனலூர் தமிழன்:

மூடியை முதலில் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், அப்போதுதான் புதிதாகப் படிகிறதா என்று தெரியும். தென்மலையோடு திரும்ப வேண்டாம், புனலூர் தொங்குபாலம் வரை வாருங்கள், வண்டியைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.