மறு: டை-சென்சிடைஸ்டு சோலார் செல்லுக்குத் தமிழ்ப் பெயர்: "சாயவுணர்" வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, சாயம் கவரும் ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சூரியக்கலத்துக்குப் பெயர் தேடுகிறோம். ஆங்கிலப் பெயரில் சென்சிடைஸ்டு என்றால் உணர்வூட்டிய என்று பொருள். வந்த கருத்துகளுக்கு என் பதில்:

> "சாயவுணர் சூரியக்கலம்" என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது, சென்சிடைஸ்டு என்பதும் வந்துவிடுகிறது.

சுருக்கம் சரிதான் ஐயா. ஆனால் ஒளியுணரி ஒளியை உணர்கிறது, வெப்பவுணரி வெப்பத்தை உணர்கிறது. அந்த வரிசையில் சாயவுணர் கலம் என்றால் சாயத்தை உணரும் கலம் என்றுதானே பொருள்? சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சோதிக்கும் கருவி போலிருக்கிறது என்று ஒரு மாணவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை.

உணர்வு என்ற சொல் இங்கே எப்படி வந்தது என்றால், ஒளிப்படத் தொழிலிலிருந்து. பழைய வெள்ளி புரோமைடு தகடுகளில் நீலம் பதியும், பச்சை பதியாது. 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் தகட்டில் சாயம் சேர்த்துப் பச்சையையும் பதிய வைத்தார். அங்கே தகடு ஒளியை உணர்ந்து படமாக்குகிறது. உணர்வூட்டல் என்றால் பொருந்தும். சூரியக்கலத்தில் உணர்வதற்கு எதுவுமில்லை, பழைய பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை நாமும் சுமக்க வேண்டுமா?

கலத்துக்குள் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். சிலிக்கான் கலத்தில் ஒளியை விழுங்குவதும் சிலிக்கான், மின்னேற்றத்தைக் கடத்துவதும் சிலிக்கான். இங்கே இரண்டு வேலைக்கு இரண்டு ஆள். கடத்தும் வேலை டைட்டானியம் டை ஆக்சைடு என்ற குறைகடத்திக்கு. அதன் ஆற்றல் இடைவெளி (அதில் எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்கு வேண்டிய குறைந்த ஆற்றல்) சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதனால் புற ஊதா மட்டுமே அதற்குப் பிடிபடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே கடந்துபோய்விடும். அந்த ஒளியைச் சாய மூலக்கூறு கவர்ந்து, எலக்ட்ரானைக் குறைகடத்தியிடம் தள்ளிவிடுகிறது. குறைகடத்தி அதை மின்வாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு மின்பகுளியில் உள்ள அயோடைடு ஒன்றைக் கொடுத்துச் சரிக்கட்டுகிறது.

> நெசவில் "சாயமேற்றுதல்" என்ற நல்ல வினை இருக்கிறதே?

இருக்கிறது, அதை விடக்கூடாது. ஆனால் கலத்துக்கு அல்ல, செய்முறைக்கு. கடத்தும் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் செலோடேப் ஒட்டி, நடுவில் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) பசையை வைத்து, கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். டேப்பின் கனம்தான் படலத்தின் கனத்தைத் தீர்மானிக்கிறது. 450 டிகிரி சுட்டெடுத்து, சூடு முழுதும் ஆறுமுன் ருத்தேனியச் சாயக் கரைசலில் போட்டு இரவு முழுக்க விட்டால், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த படலம் காலையில் கருஞ்சிவப்பாக இருக்கும். இந்தப் படிநிலைக்குச் சாயமேற்றல் கச்சிதம். சாயமேற்றிய கலம் என்றாலோ, அழகுக்கு நிறம் பூசிய பலகை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

சென்சிடைசருக்கு, அதாவது கலத்தில் ஒளியைக் கவரும் பொருளுக்கு, என் பரிந்துரை: ஒளிகவரி. பள்ளி நூல்களில் உட்கவர்தல், பரப்புக் கவர்தல் இரண்டும் ஏற்கெனவே இருப்பதால் கவர் என்ற வேர் மாணவருக்குப் புதிதல்ல. ஒளியேற்பி என்று ஒருவர் முன்மொழிந்தார். குறைகடத்தி இயலில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதை ஏற்பி என்கிறோம். இங்கே சாயம் கொடுக்கும் பக்கம், அதற்குப் போய் ஏற்பி என்றால் குழப்பம். ஒளிவாங்கியும் வேண்டாம். மேடையில் பேசும் ஒலிவாங்கியிலிருந்து ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, நம்மில் பலர் உச்சரிப்பில் அதுவும் இருக்காது.

ஆக, சாய ஒளிகவரிச் சூரியக்கலம். நீளம்தான். "சாயக்கலம்" என்று வெட்டினால் சாயத்தொட்டி ஆகிவிடுகிறது. ஒளிகவரியை மட்டும் எடுத்துவிட்டாலும் சிக்கல்: குவாண்டம் புள்ளிக் (நானோ அளவுக் குறைகடத்தித் துகள்) கலம் வேறு, குவாண்டம் புள்ளி ஒளிகவரிக் கலம் வேறு. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை டைட்டானியா மேல் சாயத்துக்குப் பதிலாகத்தான் வைத்தது, ஒளியை மின்சாரமாக்கும் திறன் 3.8 விழுக்காடு. அது பெரோவ்ஸ்கைட் ஒளிகவரிக் கலம். பிற்பாடு பெரோவ்ஸ்கைட்டே மின்னேற்றத்தையும் கடத்தும் என்று தெரிந்தபின் வந்தவை வெறும் பெரோவ்ஸ்கைட் கலங்கள். இந்த வேறுபாட்டை ஒரே சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் காட்ட முடிகிறது.

> மீசோபோரஸ், நானோபோரஸ் எல்லாவற்றுக்கும் நுண்துளை போதாதா?

போதாது. இந்தத் துறையின் உயிரே அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. தட்டையான பரப்பில் ஒற்றை அடுக்காக ஒட்டிய சாயம் விழும் ஒளியில் ஒரு விழுக்காட்டைக்கூடக் கவராது. 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஓரீகனும் கிரெட்சலும் நானோமீட்டர் அளவுத் துகள்களைச் சுட்டு ஒட்டி, 10 மைக்ரோமீட்டர் கனத்தில் துளைகள் நிறைந்த படலம் செய்தார்கள்; உட்பரப்பு பல நூறு மடங்கு பெருகி, திறன் 7 விழுக்காட்டைத் தாண்டியது. (அதே லோசானில் கிரெட்சலோடு பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம்தான் தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தை நமக்குத் தந்தவர்.) 2 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை (மீசோபோரஸ் என்பதில் வரும் துளை), அதற்கு மேல் பெருந்துளை. பன்னாட்டு வேதியியல் வரையறையும் இப்படித்தான் பிரிக்கிறது.

நானோவை நானோ என்றே விடலாம். மீநுண் என்றால் நுண்ணோடு மோதும். ஒயர், டியூப் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட வேண்டாம்: நானோகம்பி உள்ளே நிறைந்தது, நானோகுழல் உள்ளீடற்றது. துகள் படலத்தில் எலக்ட்ரான் துகளுக்குத் துகள் தாவித் தடுமாறிப் போகிறது, கம்பியில் நேர்வழி. ஆனாலும் 2005-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் செய்த துத்தநாக ஆக்சைடு நானோகம்பிக் கலம் 1.5 விழுக்காட்டில் நின்றது, ஏனென்றால் சாயம் ஒட்டப் பரப்பு போதவில்லை. குழலுக்கு உள்சுவர், வெளிச்சுவர் இரண்டிலும் சாயம் ஒட்டும். பெயரிலேயே அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

கோர்-ஷெல் (ஒரு பொருளின் மேல் இன்னொன்று போர்த்திய அமைப்பு) மட்டும் எனக்குத் திருப்தியாக அமையவில்லை. கரு-உறை என்றால் அணுக்கரு நினைவுக்கு வருகிறது, உள்ளீடு-உறை சப்பென்று இருக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்