மூன்று நாள் பேதி, ஆறு வாரப் பேதி: இரண்டும் ஒரே நோயா?

குடந்தையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61; பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டு வருகிறார். ஆறு வாரங்களுக்கு முன் ஒரு திருமண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாள் அவருக்கு வாந்தியும், தண்ணீராகப் போகும் பேதியும் தொடங்கின. வாந்தி இரண்டே நாளில் நின்றுவிட்டது. பேதி மட்டும் இன்றுவரை முழுமையாக நிற்கவில்லை. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் கலந்த மாத்திரையை இரண்டு தவணை சாப்பிட்டார். சாப்பிடும் நாள்களில் சற்றுக் குறைவதுபோல் இருந்து, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. இப்போது நாளொன்றுக்கு நான்கைந்து முறை போகிறது. இரவிலும் ஒருமுறை எழுந்திருக்கிறார். காய்ச்சல் இல்லை, இரத்தமும் இல்லை. எடை மட்டும் 68 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கியிருக்கிறது. உறவினர்களில் ஒருவர் அமீபா என்கிறார், இன்னொருவர் குடல் புண் என்கிறார். அன்று தொடங்கிய நோய்தான் இன்னும் நீள்கிறதா, அல்லது இது வேறொன்றா? எந்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குவது முறை?

ஓய்வுபெற்ற பொது மருத்துவர்:

நாள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகியோ நீராகவோ போவதைத்தான் வயிற்றுப்போக்கு என்கிறோம். இரண்டு வாரத்துக்குள் அடங்குவது திடீர் வகை, நான்கு வாரத்தைத் தாண்டுவது நாள்பட்ட வகை. இடைப்பட்டதை நீடித்த வகை என்பார்கள். இந்தப் பிரிவினை வெறும் பெயருக்காக ஏற்பட்டதன்று. முதல் வகைக்குப் பெரும்பாலும் தொற்றே காரணம்: நோரோவைரஸ், குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸ், ஈ.கோலி, ஷிகெல்லா, சால்மொனெல்லா, காலரா போன்றவை. இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே தீரும். ஆகவே அங்கே கிருமியின் பெயரைத் தேடுவதைவிட நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று பார்த்து, ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் சரியாகக் கரைத்து ஓ.ஆர்.எஸ். கொடுப்பதே முதல் வேலை. இரத்தமும் சீதமும், கடும் காய்ச்சல், அல்லது உடலில் எதிர்ப்பாற்றல் குறைவு இருந்தால்தான் உடனே மலப் பரிசோதனைக்குப் போவோம்.

ஆறு வாரம் ஆனபின் கேள்வியே மாறிவிடுகிறது. அப்போது ‘எந்தக் கிருமி’ என்பதைவிட ‘குடலின் எந்தப் பகுதி, எந்த வேலை கெட்டிருக்கிறது’ என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், எண்ணெய் படிந்தாற்போல் இருந்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றமும் எடைக் குறைவும் இருந்தால் சிறுகுடலையோ கணையத்தையோ நினைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போய், போனபின்பும் முக்கல் நிற்காமல், சீதமோ இரத்தமோ கலந்திருந்தால் பெருங்குடல். இன்னொரு பிரிவும் உண்டு. உண்ட பொருள் உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு போவது ஒன்று. பாலின் லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு நடப்பது அதுதான், பட்டினி இருந்தால் குறைந்துவிடும். குடல்சுவரே தண்ணீரைச் சுரந்து கொட்டுவது மற்றொன்று. அது பட்டினியிலும் நிற்காது. காலராக் கிருமி வெளிவிடும் நச்சுதான் இதைச் செய்கிறது என்று 1959-இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார்.

உங்கள் தந்தையின் விவரத்தில் எனக்கு உறுத்துவன இரண்டு: இரவில் எழுந்திருப்பதும், நான்கு கிலோ குறைந்ததும். மன அழுத்தத்தோடு வரும் எரிச்சல் குடல் நோய் பொதுவாகத் தூக்கத்தைக் கலைப்பதில்லை, எடையையும் இப்படிக் குறைப்பதில்லை. ஆகவே ‘டென்ஷன்’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மெட்ஃபார்மினே பேதியை உண்டாக்கலாம். அதன் அளவோ வகையோ அண்மையில் மாறியதா என்று பாருங்கள். நெடுநாள் சர்க்கரையில் குடல் நரம்புகள் பழுதாகி இரவுப் பேதி வருவதும் உண்டு. ஆண்டிபயாடிக் இரண்டு தவணை போயிருப்பதால் அதனாலேயே வரும் பெருங்குடல் அழற்சியையும், குறிப்பாகக் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமியையும் விலக்கிப் பார்க்க வேண்டும். தொற்றுக்குப் பின் சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் வழக்கம். மோர் ஒத்துக்கொள்ளும், பாலும் பால்கோவாவும் ஒத்துக்கொள்ளா. குடல் காசநோய், கிரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றையும், இந்த வயதில், கேட்காமல் விட முடியாது.

ஆய்வக நுட்பர்:

அமீபா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோய் உண்டாக்கும் அமீபாவும், அதைப்போலவே இருந்து தீங்கு செய்யாத இன்னோர் அமீபாவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். சிவப்பணுக்களை விழுங்கிய நிலையில் கண்டாலொழிய எங்களால் பிரித்துச் சொல்ல இயலாது. அறிக்கையில் ‘சிஸ்ட் (அமீபாவின் உறைநிலை) உள்ளது’ என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலத்தைச் சுத்தமான, காய்ந்த டப்பாவில், சிறுநீர் கலக்காமல் எடுத்து, நீராக இருந்தால் அரைமணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். முந்தைய நாள் எடுத்து வைத்ததில் அசையும் அமீபாவைத் தேடுவது வீண். ஒட்டுண்ணியைத் தேட ஒரு முறை எடுத்த மாதிரி போதாது, வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் தேவை. அத்துடன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவையும் கேட்டுப் பாருங்கள். அது கூடியிருந்தால் குடலில் அழற்சி இருப்பதற்கு அடையாளம். ஆனால் எந்த நோய் என்று அது சொல்லாது. இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆல்புமின் புரதம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., வைட்டமின் பி12, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. சோதனையும் வழக்கமாக எழுதப்படும்.

வேலூர்வாசி:

என் தாயாருக்கு இதேபோல நான்கு மாதம் இருந்தது. நாக்கு வழவழப்பாகிச் சிவந்து, காரம் தொட்டாலே எரிந்தது. நாங்கள் அதை வாய்ப்புண் என்றே எண்ணியிருந்தோம். இரத்தத்தில் பி12-உம் ஃபோலிக் அமிலமும் இறங்கியிருந்தன. எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பார்த்து, வேறு காரணங்களை விலக்கிய பின்னர், வெப்பமண்டல ஸ்ப்ரூ என்றார்கள்; சிறுகுடல் சத்துகளைச் சரியாக உறிஞ்சாமல் போகும் நோய் அது. டாக்சிசைக்கிளினும் ஃபோலிக் அமிலமும் மாதக்கணக்கில் எடுத்த பிறகே தேறினார். 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இந்நோய் கொள்ளைநோய்போலவே பரவியது என்பதையும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இப்போது அரிதாகிவிட்டதாம். ஆனாலும் நாக்கைப் பார்த்துவிடுங்கள்.

குடந்தையான்:

அனைவருக்கும் நன்றி. பழைய சீட்டுகளைத் தேடிப் பார்த்தேன்: மெட்ஃபார்மின் இரண்டு மாதங்களுக்கு முன்பு 500-இலிருந்து 1000 மில்லிகிராமாக, நாளுக்கு இரு வேளையாக உயர்த்தப்பட்டிருக்கிறது. திருமண விருந்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்ததில் இது எங்கள் நினைவுக்கே வரவில்லை. நாக்கு சாதாரணமாகத்தான் இருக்கிறது. மாத்திரையை நாளையே நிறுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற பொது மருத்துவர்:

நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை ஏறிவிடும், அதுவும் எடையைக் குறைக்கும். மருந்து எழுதியவரிடம் சீட்டைக் காட்டுங்கள். அவர் அளவைக் குறைப்பார், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார். இரண்டு வாரத்தில் பேதி அடங்கினால் காரணம் பெரும்பாலும் அதுவே. எனினும் எடை குறைந்திருப்பதால் மேலே சொன்ன இரத்தப் பரிசோதனைகளையும் மலப் பரிசோதனையையும் அதற்காகத் தள்ளிவைக்காதீர்கள். அடங்கவில்லை என்றாலோ, இரத்தம் கண்டாலோ, ஹீமோகுளோபின் குறைந்திருந்தாலோ கொலோனாஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பது) செய்தே ஆக வேண்டும். அப்போது பெருங்குடல் பார்வைக்கு இயல்பாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள். நுண்ணோக்கியில் மட்டுமே புலப்படும் அழற்சி ஒன்று உண்டு, அது இந்த வயதினரையும் இப்படித்தான் படுத்தும்.