கையில் தாளோடு நாடகம் வாசிக்கிற கூட்டம்: ராமநாதபுரம் கடற்கரையில் எடுபடுமா?

பாக்நீரிணை:
ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பக்கம் நாடகம் எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும் மாதம் ஒரு தடவை கூடினால் என்ன? புதிதாக எழுதிய பிரதியை நடிகர்கள் கையில் தாளோடு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்பனை கிடையாது, செட் கிடையாது, மனப்பாடம் கிடையாது. "கதவைத் திறந்து உள்ளே வருகிறான்" போன்ற குறிப்புகளை ஒருவர் தனியாக வாசிப்பார், மற்றவர்கள் வசனம் பேசுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை சேர்ந்து வாசித்துப் பார்த்தால் போதும்.

எனக்குத் தெரிந்தே இங்கே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டாமல் இருப்பவர்கள் உண்டு. நன்றாக நடிக்கக்கூடியவர்களும் உண்டு, ஆனால் இவருக்கு அவரைத் தெரியாது. நியூயார்க்கில் நியூ டிராமடிஸ்ட்ஸ் என்ற அமைப்பு 1949லிருந்து நாடக ஆசிரியர்களுக்காகவே இயங்குகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் 1964ல் தொடங்கிய ஓநீல் நாடக மையத்தில், ஒரு வாசிப்பைக் கேட்டுவிட்டு ஆசிரியர் திருத்தி எழுதுவார், திருத்திய தாள்களோடு நடிகர்கள் மறுபடியும் வாசிப்பார்கள். அந்த அளவுக்கு வசதி நம்மிடம் இல்லை, ஆனால் செய்கிற காரியம் ஒன்றுதான். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். முதல் இரண்டு கூட்டத்தை அப்போது வைத்தால் கடற்கரை ஊர்க்காரர்களும் வர முடியும்.

ராஜபார்ட் ரசிகன்:
தம்பி, ஆசை நல்ல ஆசை. ஆனால் கையில் தாள் இருந்தால் நடிகனுடைய கண் தாளில்தான் இருக்கும், எதிரே நிற்கிறவர் முகத்தில் இருக்காது. நம்முடைய ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர். நாடக நடிகர் சங்கத்தில் பேசித் தேதி வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது, ஆனாலும் விடியும் வரை நாடகம் நடக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் மறைந்தார், அவர் கட்டிய பாட்டும் வசனமும் இன்றைக்கும் நடிகர்கள் மண்டையில் இருக்கிறது. வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது அந்த நிமிடத்தில் யோசித்துப் பதில் சொல்கிறார்களே, அது எந்தத் தாளிலும் கிடையாது. அவர்கள் முன்னால் பேப்பரைப் பார்த்து வாசிக்கிறவரைக் கொண்டுவந்து இவரும் நடிகர் என்று நிறுத்தினால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அப்புறம் காசு. திருவிழாக் காலத்தில் ஒரு ராத்திரிச் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்? ஆதரவு, குடும்பம் மாதிரி என்றெல்லாம் பேசி நடிகனிடம் இலவசமாக வேலை வாங்குவதைப் பல காலமாகப் பார்த்துவிட்டேன்.

கீழக்கரை வாசகி:
ராஜபார்ட் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), நீங்கள் சொல்கிற நாடகம் நூறு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கதை. ஊரே அந்தப் பாட்டை முணுமுணுக்கும், அதனால் ஒத்திகை தேவைப்படவில்லை. நேற்று ஒரு பெண் எழுதி முடித்த புது நாடகத்துக்கு யார் மண்டையில் வசனம் இருக்கும்? அதற்குத்தான் தாள்.

வாசித்து அரங்கேற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில்தான் தொல்காப்பியம் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அவையோர் கேள்வி கேட்டு, குற்றம் நீக்கி ஒப்புக்கொண்ட பிறகுதான் நூல் வெளியே போகும். சீறாப்புராணம் எழுதிய உமறுப்புலவருக்கு எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதி துணை நின்றார். எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் எழுத்து வளரும் என்பது இந்தக் கடற்கரைக்குத் தெரிந்த விஷயம்தான்.

என் கோரிக்கை வேறு. கூட்டத்தை ராத்திரியில் வைக்காதீர்கள். ராத்திரி என்றால் நானும் வர முடியாது, என்னைப் போல எழுதுகிற பெண்களும் வர முடியாது. அப்புறம் பெண் வேஷத்தை ஆண்கள்தான் வாசிப்பார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்றால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

தொண்டிக்காரன்:
நான் முழுக்க எதிர்க்கிறேன், காரணத்தோடு.

ஒரு நகரத்தில் இதே மாதிரி ஒரு வாசிப்புக்குப் போயிருந்தேன். வாசித்து முடித்ததும் "கருத்துச் சொல்லுங்கள்" என்றார்கள். முதலில் எழுந்தவர் அந்த நாடகத்தைத் தான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆரம்பித்தார், அடுத்தவர் அவருக்குப் பதில் சொன்னார், அரை மணி நேரம் அவர்களுக்குள்ளேயே சண்டை. எழுதிய பெண் முன்வரிசையில் உட்கார்ந்து தன் பிரதியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். அவர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். இதற்குப் பெயர் ஆதரவா?

இரண்டாவது, நீங்கள் சொன்ன அமெரிக்காவிலேயே இது பற்றிப் பெரிய புகார் உண்டு. வாசிப்பு, திருத்தம், மறுபடி வாசிப்பு என்று சுற்றிச்சுற்றி வந்து, மேடையே ஏறாத நாடகங்கள் அங்கே ஏராளம். வாசிப்பு நடத்தச் செலவு கம்மி என்பதால் முழு நாடகம் போட வேண்டியவர்கள் வாசிப்போடு கையைக் கழுவிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். என் நாடகத்தில் கரைவலை இழுக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் நின்று, கால் மணலில் புதையப் புதைய, ஐந்து நிமிஷம் வசனமே இல்லாமல் இழுக்கிறார்கள். மீன் சேருகிற வலைமடி கரைக்கு வரும்போதுதான் முதல் வார்த்தை. உங்கள் கூட்டத்தில் அது என்ன ஆகும்? ஒருவர் "வலை இழுக்கிறார்கள்" என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பேச்சு நிறைய உள்ள நாடகம் தப்பிக்கும், உடம்பால் சொல்கிற நாடகம் அங்கேயே செத்துவிடும்.

பாக்நீரிணை:
தொண்டி அண்ணே, முதல் விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். அதனால்தான் கருத்துச் சொல்வதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிறேன். லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990 வாக்கில் ஒரு முறையை உருவாக்கினார். முதலில் கேட்டவர்கள் தங்கள் மனதில் எது நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் தனக்குச் சந்தேகமுள்ள இடங்களைக் கேட்பார். பிறகு கேட்டவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்குள் அபிப்பிராயத்தை ஒளித்து வைக்கக் கூடாது. "அந்த அண்ணன் ஏன் திரும்பி வருகிறான்?" என்று கேட்கலாம், "அவனை ஏன் இவ்வளவு சப்பையாக எழுதினீர்கள்?" என்று கேட்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் எழுதியவர் சரி என்றால் மட்டும். இதைக் கண்டிப்போடு நடத்த ஒரு ஆள் வேண்டும். நம் ஊரில் பெரியவர் ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தால் யாரும் நிறுத்த மாட்டோம், அங்கேதான் கெடுகிறது.

வாசிப்பு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்ததால் சொல்கிறேன். பாம்பனில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் ஒரு பிரதியை வாசித்தோம். புருஷன் விடிகாலையில் கடலுக்குக் கிளம்புகிறான், மனைவி "எங்க போறீங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்பதாக எழுதியிருந்தது. மனைவி பாத்திரத்தை வாசித்த அக்கா பாசி எடுக்கப் போகிறவர். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டார். கிளம்புகிற ஆளை எந்தப் பொம்பளையும் இப்படிக் கேட்க மாட்டாள், கேட்கவும் கூடாது என்றார். எழுதியவர் கல்லூரியில் படிக்கிற பையன், அங்கேயே வரியை அடித்தார். இப்போது அந்தக் காட்சியில் அவள் தூக்குவாளியைக் கழுவிச் சோறு வைத்து மூடுகிறாள், அவன் கிளம்பும் வரை பேசவே இல்லை. அந்தப் பையன் பத்துப் பேர் எழுதிய விமர்சனத்தைப் படித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. அந்த அக்காவும் அதுவரை எந்த மேடையும் ஏறாதவர், அடுத்த பிரதி எப்போது என்று அவரே கேட்கிறார்.

உச்சிப்புளி இளவட்டம்:
தடைக்காலத்தில் எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று நினைத்துத் தேதி வைக்காதீர்கள் அண்ணே. எங்கள் வீட்டில் படகு மராமத்து, எஞ்சின் வேலை, பெயின்ட் எல்லாம் அப்போதுதான். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் வரும் என்பதால் பாதிப் பேர் கேரளாப் படகுக்குப் போய்விடுவார்கள். தடையும் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்காரர் கடலில் இருப்பார். கேட்டுத் தேதி வையுங்கள்.

ஆனால் எனக்கு இந்தக் கூட்டம் வேண்டும். என்னை எங்கே கூப்பிட்டாலும் மீனவன் வேஷம்தான் தருகிறார்கள், ஏனென்றால் நான் மீனவன். வாசிப்பில் நான் தாசில்தாராகவும் வாசிக்கலாம், அறுபது வயது கிழவனாகவும் வாசிக்கலாம். சரியாக வராவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒரு சின்ன விஷயம்: தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடியுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும், கிளிப் வாங்குங்கள். இங்கே அடிக்கிற காற்றுக்கு இரண்டாம் பக்கம் பறந்து போய்விடும், மைக்கில் தாள் புரட்டுகிற சத்தம் வசனத்தை விழுங்கிவிடும்.

ராஜபார்ட் ரசிகன்:
அந்தத் தூக்குவாளி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. மூத்த நடிகர்களை இதற்குக் கூப்பிடலாம். வசனம் எந்த இடத்தில் மூச்சு வாங்க விடாமல் நீள்கிறது என்பதை அவர்கள் ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாலே சொல்லிவிடுவார்கள். ஆனால் சும்மா கூப்பிடக் கூடாது. போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் ஒரு சின்னத் தொகையும் கையில் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். பணம் இல்லையென்றால் கூட்டத்தை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக்குங்கள், நடிகனின் கூலியில் கை வைக்காதீர்கள்.

கீழக்கரை வாசகி:
காக்கா, எழுதுகிறவர்களுக்கு?

ராஜபார்ட் ரசிகன்:
எழுதியவருக்கு நாடகம் சரியாகி வருகிறது அம்மா, அதுவே கூலி. நடிகன் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போகிறான்.

கீழக்கரை வாசகி:
இதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகள் தூங்கின பிறகு ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியது வேலையில்லையா? கொடுத்தால் இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டும். துண்டு ஏந்தி வசூல் செய்தாலும் சரி, வருவதைச் சமமாகப் பிரியுங்கள்.

பாக்நீரிணை:
முதல் கூட்டத்துக்கு என் செலவில் போக்குவரத்தும் சாப்பாடும் தருகிறேன். அதற்கு மேல் இப்போது என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வசூல் வந்தால் பிரிப்பது எப்படி என்று கூட்டத்திலேயே பேசுவோம். ஞாயிறு காலை என்பது முடிவு. தொண்டி அண்ணே, உங்கள் கரைவலை நாடகத்தையே முதலில் வாசிக்கலாமா?

தொண்டிக்காரன்:
வாசிப்போடு நின்றுவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஒரு நாடகத்தை இரண்டு தடவைக்கு மேல் வாசிக்கக் கூடாது, அதற்குப் பிறகு ஒன்று மேடை ஏற வேண்டும், இல்லையென்றால் எழுதியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி போடுங்கள். வலை இழுக்கிற ஐந்து நிமிஷமும் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, தாளைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கயிறு நான் கொண்டுவருகிறேன். இரண்டுக்கும் சம்மதம் என்றால் பிரதி அனுப்புகிறேன்.