வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை, வயது 17: சலூன் கார் ரேஸில் தொடங்கி ஸ்டாக் கார் வரை போக வழி என்ன?

செந்தூல் வாசி

வணக்கம். அக்கா மகனுக்கு வயது 17. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூட்டு இருக்கிறது, இடது காலுக்கு ஒன்றுமில்லை. கோ-கார்ட்டில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கை ஆக்சிலரேட்டர், இடது காலில் பிரேக் என்று வைத்து ஓட்டுகிறான், லேப் நேரம் நன்றாகவே வருகிறது. ஆசை என்னவோ ஸ்டாக் கார் மேல்தான், அதாவது அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஓடும் வகை. சிமுலேட்டரில் ராத்திரி பகலாக ஓவல் (நீள்வட்டத் தடம்) ஓட்டுகிறான்.

இங்கே மலேசியாவில் ஓவல் ஓடுதளம் இல்லாத நிலையில் எதில் தொடங்குவது? பெரிய காடியில் (காரில்) ஆக்சிலரேட்டரைச் செயற்கைக் காலுக்கே விடலாமா, கைக்கு மாற்ற வேண்டுமா? எங்களிடம் கேபிள் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரைக் கம்பியால் இழுக்கும் வகை) வைத்த பழைய மேனுவல் சலூன் கார் ஒன்று கிடக்கிறது, அதற்குச் செலவு செய்வது வீணா? போட்டி லைசன்ஸ் தருவார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள். சரியான விவரம் கிடைத்தால்தான் அவர்களிடம் பேச முடியும்.

பட்டர்வொர்த் மெக்கானிக்

அண்ணே, ஆக்சிலரேட்டரை அப்புறம் பார்ப்போம், முதல்ல பிரேக். நல்ல கால் இடது கால்னு சொல்றீங்க. அது பிரேக் மேலேயே இருக்கட்டும். யார் என்ன சொன்னாலும் பிரேக்கைக் கைக்கு மாத்தாதீங்க. காரணத்தைக் கணக்கோடவே சொல்றேன்.

பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது மாஸ்டர் சிலிண்டர். முக்கால் இஞ்ச், அதாவது 19 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர்ல 60 பார் அழுத்தம் வரணும்னா பிஸ்டன் மேல 1,710 நியூட்டன் தேவை. பெடல் விகிதம் 5-க்கு 1, மிதியை லேசாக்குற பூஸ்டர் கிடையாதுன்னு வச்சா பெடல்ல 35 கிலோ மிதிக்கணும். முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு சிலிண்டரும், அழுத்தத்தை ரெண்டுக்கும் பங்கு போடுற பேலன்ஸ் பாரும் இருக்கிற ரேஸ் காடியில அது 70 கிலோ. காலுக்கு இது பெரிய பாரமில்ல. கைக்கு, அதுவும் லேப்புக்கு லேப், பத்து நிமிஷம்கூட தாங்காது. நடுவுல 2-க்கு 1 லீவர் போட்டா பாரம் பாதியாகும், ஆனா கை போற தூரம் ரெட்டிப்பாகும். பெடல் 75 மி.மீ. இறங்கினா கை 150 மி.மீ. போகணும். அதுக்குள்ள தொடையிலயோ ஸ்டீயரிங்லயோ இடிச்சிடும். சிலிண்டரை 15.9 மி.மீ.க்குக் குறைச்சா 35 கிலோ 24 ஆகும், தூரம் 1.44 மடங்கு கூடும். ரெண்டு காலும் வேலை செய்யாதவங்களுக்கு இந்த மல்லுக்கட்டைத் தவிர்க்க முடியாது. உங்க பையனுக்கு அந்தத் தேவையே இல்ல.

இப்போ அந்த மேனுவல் சலூன். இடது கால் பிரேக்ல இருக்கும்போது கிளட்சை யார் மிதிக்கிறது? நம்ம ஊரு காடியில கியர் இடது கை பக்கம். கியர் நாப்ல கை கிளட்ச் வச்சா, வளைவுக்குள்ள போகும்போது இடது கை கிளட்சும் கியரும் பார்க்கணும், வலது கை ஒண்டியா ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கிட்டே ஆக்சிலரேட்டரும் குடுக்கணும். கிளட்ச் இல்லாம கியர் மாத்தினா ரோட்டுக் காடி கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ வளையம் (கியர் வேகத்தை ஒத்துப்போக வைக்கிறது) சீக்கிரம் தேயும். அதனால அதுக்குக் காசு போடாதீங்க. படிக்கிற காலத்துக்கு டார்க் கன்வர்ட்டர் ஆட்டோ (கிளட்ச் பெடல் இல்லாத சாதாரண ஆட்டோ கியர்) எடுங்க, தனி கியர் ஆயில் கூலரும் ஒரு வெப்ப மீட்டரும் கட்டாயம் வைங்க. நம்ம வெயில்ல ஆயில் 120 டிகிரியைத் தாண்டினா பிட்டுக்குள்ள (தடத்து ஓரமா காடியை நிறுத்திப் பார்க்கிற இடம்) வந்துடணும். ஸ்டீயரிங் பின்னாடி இருக்கிற பேடிலால வரிசையா கியர் மாத்துற சீக்வென்ஷியல் பாக்ஸ் அடுத்த கட்டம். அதுல கிளட்ச் கிளம்பும்போது மட்டும்தான்.

கை ஆக்சிலரேட்டர்னா ஸ்டீயரிங்கோடவே சுத்துற வளையம் வைங்க, ஒரே இடத்துல நிக்கிற பட்டன் வேணாம். செப்பாங் ரேஸ் தடத்துல 2, 9, 15-ஆவது வளைவுகள்ல ஸ்டீயரிங் ரொம்பத் திரும்பும், அப்போ விரல் பட்டனை விட்டுடும். கேபிள்ல இந்த வளையத்தைக் கட்டுறது பெரிய பாடு, எலக்ட்ரானிக் த்ராட்டில் காடியா இருந்தா வேலை சுலபம். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. பெடல் சென்சார்ல ரெண்டு சிக்னல் வரும். டொயோட்டா வகையில ரெண்டாவது சிக்னல் முதலாவதை விட ஏறக்குறைய 0.8 வோல்ட் கூட இருக்கும். வேற சில காடிகள்ல முதலாவதுல பாதி இருக்கும். ஒரே சென்சாரை வச்சு, ரெசிஸ்டர் போட்டு ரெண்டா பிரிச்சா முதல் நாள் ஓடும். அப்புறம் அதிர்வுல கனெக்டர் ஆடி, ரெண்டு சிக்னலும் ஒத்துப்போகாம, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) லிம்ப் மோடுக்கு, அதாவது சக்தியைக் குறைச்சு ஓட்டுற நிலைக்குப் போயிடும். வளைவை விட்டு வெளியே வரும்போது காடி திடீர்னு செத்தா பின்னாடி வர்றவன் வந்து ஏறிடுவான். ரெண்டு தனித்தனி சிக்னல் தர்ற ஹால் (காந்த) சென்சார், ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு மூடுற மாதிரி ரெண்டு ஸ்பிரிங், ஸ்டீயரிங் தண்டைச் சுத்தி வர்ற வயருக்குச் சுருள் கேபிள். இந்த மூணுலயும் கஞ்சத்தனம் கூடாது.

செராஸ் செயற்கைக்கால்

பிரேக் விஷயத்தில் மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆக்சிலரேட்டரைப் பொறுத்தவரை எடுத்த எடுப்பில் செயற்கைக் காலை ஒதுக்கிவிட வேண்டாம். முழங்கால் மூட்டு இருப்பதால் தொடையாலும் மூட்டாலும் பெடலை அளந்து அழுத்த முடியும். கணுக்கால் உணர்வு இல்லாததும், கார்பன் பாதம் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளுவதும்தான் சிக்கல். பாதியளவில் நிலையாகப் பிடிக்க நினைத்தால் பெடல் நடுங்கும். ஓட்டுவதற்கென்றே தனிப் பாதம் செய்யலாம்: வளையாதது, குட்டையானது, அடிப்பக்கம் தட்டையானது. குதிகாலுக்குத் தரையில் ஒரு கட்டை, பெடலின் இரு பக்கமும் விளிம்பு, முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு பஞ்சுத் தாங்கி. இவை இல்லாவிட்டால் வளைவில் கால் பக்கவாட்டில் சாய்ந்து பெடலை விட்டு நழுவும்.

பெரிய எதிரி வியர்வை. மிச்சக் காலில் மாட்டும் சிலிகான் லைனர் உறைக்குள் வியர்வை தேங்கினால் சாக்கெட் (கால் நுழையும் கூடு) மேலும் கீழும் நகரும், கால் மிச்சப்பகுதியின் தோல் உரியும். புண் வந்தால் செயற்கைக் காலையே கழற்றி வைக்க வேண்டியிருக்கும், பந்தயமும் போகும், பள்ளிக்கு நடப்பதும் போகும். குறைந்தது இரண்டு உலர்ந்த லைனர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கழற்றி, துடைத்து, சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நாள் போகப் போக மிச்சப்பகுதி சுருங்கும், காலுறை அடுக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வயது 17 என்பதால் இன்னும் வளர்வான், சாக்கெட்டை அடிக்கடி மாற்ற நேரும். லைனர் தீக்குத் தாங்காது, மேலே நோமெக்ஸ் (தீத்தடுப்புத் துணி) உறை அவசியம்.

எது நல்லது என்பதை சிமுலேட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30, 50, 70 சதவீதத்தில் பெடலை ஐந்தைந்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். காலில் ஒரு முறை, கையில் ஒரு முறை. வரைகோடு எதில் தட்டையாக வருகிறதோ அதுதான் அவனுக்கு. அரை மணி நேரம் ஓட்டிக் களைத்த பிறகு மறுபடி சோதியுங்கள், முடிவு பெரும்பாலும் அப்போதுதான் தெரியும். கைதான் என்று முடிவானால் வலப்பக்க பெடலைக் கழற்றுங்கள், அல்லது தகடு வைத்து மறையுங்கள். உணர்வில்லாத பாதம் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினாலும் அவனுக்குத் தெரியாது.

செந்தூல் வாசி

ரொம்ப நன்றி, இருவருக்கும். மேனுவலை விற்றுவிடுகிறோம். லைசன்ஸ் பற்றியும், அமெரிக்கா வரை போவது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடி மேடை

போட்டி லைசன்ஸுக்கு எம்ஏஎம் (மலேசிய மோட்டார் பந்தயச் சங்கம்)தான். மாற்றுத்திறனாளிகளும் லைசன்ஸ் பெற உலக அமைப்பான எஃப்ஐஏ விதியில் வழி உண்டு. மருத்துவச் சோதனை உண்டு, எந்தெந்த மாற்றத்தோடு ஓட்டலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கன்ட்ரோலை மாற்றினால் அதையும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே காடியை முழுதும் கட்டி முடித்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். வரைபடம், செயற்கைக் கால் நிபுணரின் கடிதம், கார்ட்டிங் முடிவுகளோடு முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். 18 ஆகும்வரை பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ஓக்கேயு (மாற்றுத்திறனாளி) அட்டை வேறு, இது வேறு. அதைக் காட்டி இதை வாங்க முடியாது. அதே காடியை ரோட்டிலும் ஓட்டுவதானால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி தனி.

அதிகாரிகள் உற்றுப் பார்ப்பது ஒன்றைத்தான்: தீப்பிடித்தால் தானாக வெளியே வருவானா? ஹெல்மெட், ஹான்ஸ் (கழுத்துப் பாதுகாப்புக் கருவி), கையுறை எல்லாம் போட்டு, ஆறு முனை பெல்ட், ரேடியோ வயர், தண்ணீர்க் குழாய், ஜன்னல் வலை, கழற்றும் ஸ்டீயரிங் அத்தனையும் மாட்டிய நிலையிலிருந்து பழகட்டும். செயற்கைக் கால் மாட்டி ஒரு தடவை, மாட்டாமல் ஒரு தடவை, ஏனென்றால் மோதலில் அது கழன்று போகலாம். ஓட்டுநர் பக்கம் பழகிய பிறகு அடுத்த பக்கம். பத்து விநாடியை இலக்காக வையுங்கள். எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சும் தீயணைப்பானின் பிடியும் பெல்ட் போட்ட நிலையிலேயே கைக்கு எட்ட வேண்டும். பந்தயத்தன்று மார்ஷல்களுக்கும் மருத்துவக் குழுவுக்கும் எந்தக் கால், எப்படிக் கழற்றுவது என்று நேரில் காட்டுங்கள். தெரியாவிட்டால் அவசரத்தில் காலைப் பிடித்து இழுத்துவிடலாம்.

உண்மையான ஸ்டாக் காருக்குக் கதவே கிடையாது, ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உடம்பை முழுக்கக் கைகள் தூக்க வேண்டும். பையன் இன்றைக்கே புல்-அப், டிப்ஸ் போன்ற கைப் பயிற்சிகளைத் தொடங்கட்டும்.

இங்கே சலூன் ரேஸ்தான் பாதை. முதலில் செப்பாங் டிராக் டே (போட்டியில்லாமல் தடத்தில் ஓட்டிப் பழகும் நாள்), பிறகு குறுகிய சலூன் போட்டி, அதன்பின் செப்பாங் 1000 கி.மீ. மாதிரி கூட்டாக ஓட்டும் நீண்ட பந்தயம். கூட்டாளி சாதாரண பெடலில் ஓட்டுவார் என்பதால் இரண்டு முறைக்கும் மாறும் சுவிட்ச் வேண்டும், காடி நின்ற நிலையில் மட்டும் மாறும்படி. 2018-ல் போக்கோனோ ஓவலில் முதுகுத்தண்டு அடிபட்ட ராபர்ட் விக்கன்ஸ், கை கன்ட்ரோல் வைத்த ஹூண்டாயில் காலால் ஓட்டும் கூட்டாளியோடு சேர்ந்து 2023-ல் அமெரிக்காவின் இம்சா அமைப்பு நடத்தும் டிசிஆர் வகுப்புப் பட்டம் வென்றார். இரண்டு காலையும் இழந்த பில்லி மோங்கர் 2019-ல் பிரான்சின் பாவ் கிராண்ட் ப்ரீயை வென்றார். அவர் ஆக்சிலரேட்டர் கையில், பிரேக் செயற்கைக் காலில். நாஸ்காரிலேயே, ஆட்டிசம் உள்ளதை வெளிப்படையாகச் சொன்ன அர்மானி வில்லியம்ஸ் 2021-ல் டிரக் தொடரில் ஓடினார். வீட்டில் பயப்படுகிறவர்களுக்கு இந்த மூவரின் ஓட்டங்களையும் போட்டுக் காட்டுங்கள்.

ஓவலில் ஒரு சாதகம் உண்டு. உள்ளூர் ஓவல்களில் ஓடும் லேட் மாடல் வகை ஸ்டாக் காடிகள் மேனுவல்தான், ஆனால் பந்தயம் உருண்டபடியே தொடங்கும், பச்சைக் கொடிக்குப் பிறகு கிளட்சுக்கு அநேகமாக வேலையே இல்லை. பிட்டிலிருந்து கிளம்ப மட்டும் வேண்டும். இடது காலில் பிரேக் பிடிப்பதும் அங்கே சகஜம். இதற்கு மாறாக ஐரோப்பிய நாஸ்கார் தொடர் மேனுவல் கியரோடு பெரும்பாலும் வளைவுகள் நிறைந்த சாலைத் தடங்களில் ஓடுவது. பக்கத்தில் இருக்கிறதே என்று அதை முதலில் பிடித்தால் கியர் மாற்றிக்கொண்டே இருக்கும் சிக்கல் திரும்ப வரும். நாஸ்கார் ஒவ்வொரு ஓட்டுநரையும் முந்தைய முடிவுகளைப் பார்த்துத்தான் பெரிய தடத்துக்கு அனுமதிக்கிறது, பெரிய ஓவல்களுக்கு 18 வயதும் ஆக வேண்டும். எனவே ஒவ்வொரு பந்தயத்தின் முடிவுத்தாளையும் லேப் நேர அச்சையும் இப்போதிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், கார்ட்டிங்கில் வந்தது உட்பட.